கதவில் விழுந்த ஃபோகஸ்

பெரிதாக்க வேண்டாம் சார், அடுத்த படத்துக்குப் போய்விடுங்கள் என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். ஸ்டூடியோக்காரர் அவள் படத்தைத் திரையில் பெரிதாக்கினார்.

வார இறுதிப் புகைப்பட வகுப்பு அவருடைய ஸ்டூடியோ மாடியில் நடந்தது. ஒரு சட்டத்துக்குள் ஆளை வைத்து எடுத்து வரச் சொல்லியிருந்தார். ஜன்னல், வாசல், மரக்கிளை, எதுவானாலும் சரி. அவளுக்கு அக்கா வீட்டுப் படுக்கையறை வாசல் தோன்றியது. நேற்று அக்கா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் நின்று எடுத்தாள். "என்னடி, ஒளிஞ்சிருந்து பாக்கற, வேவுக்காரி மாதிரி" என்று அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு படத்தில் இல்லை. புதிதாகப் படிக்கிறவர்கள் செய்கிற தப்புதான். ஆளின் மேல் விழவேண்டிய ஃபோகஸ் பக்கத்திலிருந்த கதவில் விழுந்துவிட்டது. அக்கா வெளிறிய கறையாக உள்ளே இருந்தாள். கதவின் மரவரிகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

"கதவு வியாபாரத்துக்கு விளம்பரமா?" என்றார் பின்வரிசைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

"ஆளப் பாக்கற அவசரத்துல சட்டத்த யாரும் பாக்கறதில்லம்மா" என்றார் ஸ்டூடியோக்காரர். "அதே எடத்துல நின்னு திரும்ப எடுங்க."

அவள் சட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவின் வெளிப்பக்கம் புதுத் தாழ்ப்பாள். திருகாணிகளைச் சுற்றி மரத்தூள்கூட இன்னும் உதிரவில்லை. அதன் வளையத்தில் ஒரு சின்னப் பூட்டு திறந்தபடி தொங்கியது. அந்த வீட்டில் இருப்பது அக்காவும் மாமாவும் மட்டும். அந்த வாசலில் அவ்வளவு நேரம் நின்றும் இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? கொஞ்ச நாட்களாகவே மாமா வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அக்காவைக் கூப்பிட்டால் அவள் போனை எடுப்பதில்லை; கேட்டால் தூங்கிவிட்டேன் என்பாள். கட்டிலடியில் தண்ணீர் பாட்டில்கள் எதற்கு என்று நேற்றுக் கேட்டதற்கு, "எந்திரிச்சுப் போக சோம்பல்டி" என்றாள். பிறந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் அக்கா.

மாடிப்படி இறங்கும்போது போன் அடித்தது. அக்காதான். காலையில் வழக்கம்போல் அந்தப் படத்தை அவளுக்கு அனுப்பியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அந்தப் போட்டோவ அழிச்சிடுடி. நான் அதுல நல்லாவே இல்ல."

"நீ அதுல தெரியவே இல்லியேக்கா."

போனில் அக்காவுக்குப் பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மாமாவின் செருமல்.

"அழிச்சிட்டேன்னு சொல்லு. அது போதும்."

சொல்லிவிடலாம். ஒரு பொய், அக்காவுக்கு இன்றைய பொழுது கழியும். மாட்டேன் என்றால் அதன் பலன் யார் தலையில் விடியும்? ஆனால் அழித்துவிட்டேன் என்ற சொல்லும் அந்தக் கதவில் இன்னொரு திருகாணியாக ஏறிவிடும் போலிருந்தது.

"இல்லக்கா. அழிக்கல" என்றாள் மெதுவாக. "அதே எடத்துல நின்னு திரும்ப எடுக்கச் சொல்லியிருக்காரு சார். இப்பவே வர்றேன்."

அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை. இரும்பின் மேல் இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளைத் திறப்பதா, போடுவதா என்று நின்று கேட்காமல் அவள் படி இறங்கினாள்.