மூலையில் ஒரு கட்டைவிரல்

படத்தில் இருப்பது ஒரு கண்ணாடித் தம்ளர்தான். தண்ணீர் ஊற்றி, பின்னால் மஞ்சள் அட்டை வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி எடுத்தேன். பார்ப்பவர்களுக்குத் தம்ளர் தெரியாது, மஞ்சள்தான் தெரியும். அட்டையைப் பிடித்தது என் மனைவி. எவ்வளவு சொன்னாலும் அவள் கட்டைவிரல் படத்துக்குள் வந்துவிடும். இதிலும் வலது கீழ் மூலையில் நிற்கிறது.

அவள் இறந்தபின் நான் எதையும் எடுக்கவில்லை. கண்காட்சிக்கு வைக்க இது ஒன்றுதான் இருந்தது.

படம் அச்சடிக்க அவள் வாங்கி வைத்த பருத்தித் தாள்களில் கடைசித் தாளை மச்சானிடம் கொடுத்திருந்தேன். மச்சான் அவளுடைய அண்ணன். பிரிண்ட் போடுவது தொழில். அந்தத் தாளில் மைக்கான பூச்சு ஒரு பக்கம்தான் இருக்கும். மச்சான் மூலையை உதட்டில் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் அதுதான் முன்பக்கம்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மாலையில் போனேன்.

"அசந்துடுவீங்க மாப்ள," என்றார்.

பிரிண்ட் பளிச்சென்று இருந்தது. மூலையில் விரல் இல்லை.

"ஓரத்துல ஏதோ கறை மாதிரி இருந்துச்சு. மதியம் பூரா கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து அதை எடுத்தேன். தடயமே இல்ல பாருங்க."

"அது உங்க தங்கச்சி விரல், மச்சான்."

அவர் முகம் தொங்கிப்போனது. "படமே என்னன்னு புரியல. அதுல விரல் எதுன்னு எனக்கென்ன தெரியும்?"

"வாயில வெச்சுப் பார்த்தியே, கண்ணுலயும் வெச்சுப் பார்த்திருக்கலாம்ல," என்றார் உள்ளேயிருந்து வந்த அத்தை, அவருடைய அம்மா.

"வேற தாள்ல போட்டுத் தரேன் மாப்ள."

"அவ வாங்கினதுல இதான் கடைசி."

நான் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"அந்தப் பக்கம் மை ஊறிடும். தொழில் தெரிஞ்சவன் போட மாட்டான்."

"தொழில் தெரிஞ்சவன் போட்ட லட்சணத்தைத்தான் பார்த்தாச்சே," என்றார் அத்தை.

திருத்தாத படத்தைப் பின்பக்கத்தில் போட்டோம். மஞ்சள் மங்கிப்போனது. தம்ளர் எனக்கே தெரியவில்லை. மை ஊறியதில் கட்டைவிரல் மட்டும் இன்னும் பருத்து, மூலையை அடைத்துக்கொண்டு நின்றது.

அத்தை வெகுநேரம் பார்த்தார். "எதுலயாவது கைய வெக்காம இருக்க மாட்டா," என்றார்.

மறுநாள் கண்காட்சி நடத்துபவர் படத்தின் முன் நின்று தலையாட்டினார். "பிரமாதம். ஓரத்துல மட்டும் ஒரு கறை. ஃப்ரேம் போடறப்போ மறைச்சிடலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் நடுவில் வந்து நின்றார்.

"அதுல கைய வெச்சா, கை இருக்காது சார்."