பல்லேகலைப் பக்கம் நீண்ட விரல்

இன்றைக்காவது மடங்கிவிடு என்று கிருஷாந்தி மனதுக்குள் கெஞ்சினாள். விரல் மடங்கவில்லை. ஆனி மாதத்துப் பெருமழையிலிருந்து அவளுடைய வலது ஆள்காட்டி விரல் நீட்டியபடியேதான் நின்றது. பகலில் பல்லேகலைப் பக்கம் நீளும். பொழுது சாய்ந்தால் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கீழ் லயத்து வரிசை வீடுகள் பக்கம் திரும்பும். சிந்துஜா எங்கே போகிறாளோ அங்கே.

ஹந்தானைத் தோட்டத்துப் பிள்ளைகள் கண்டிக்குப் படிக்க வரும்போது செருப்போடு மலையிறங்குவார்கள். வெள்ளைச் சப்பாத்து பையில் இருக்கும். பாடசாலைக்குக் கீழே உள்ள மதகில் கால் கழுவி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, செருப்பைக் கல்லிடுக்கில் ஒளித்துவிட்டு உள்ளே போவார்கள். அந்த இடுக்கைக் கிருஷாந்திக்கு முதலில் காட்டியவளே, கூடப் படித்த கீழ் லயத்துச் சிந்துஜாதான். பதினேழு வயதில் கிருஷாந்தி தலைமை மாணவத் தலைவியானாள். தோட்டத்திலிருந்து அப்படி வந்த முதல் பிள்ளை. சின்னம் குத்திய அன்று அவளுடைய அம்மா லயம் முழுக்கக் கற்கண்டு பங்கிட்டாள்.

அந்த ஆனி மழையில், கல்வி அதிகாரிகள் வந்த காலையில் அவளுக்கு நேரம் பிந்திவிட்டது. செருப்போடு மேடையேறிக் குத்துவிளக்கைத் துடைத்து வைத்தாள். பிறகுதான் மதகுக்கு ஓடிப்போய்ச் சப்பாத்து மாட்டி வந்தாள். அதற்குள் வெள்ளை விரிப்பில் பதிந்திருந்த செம்மண் தடத்தை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். “யாருட கால் இது?” என்று அதிபர் கேட்டார். மாணவத் தலைவிதான் பதில் சொல்ல வேண்டும். கிருஷாந்தி சிந்துஜாவை நோக்கி விரலை நீட்டினாள். சிந்துஜா மறுக்கவில்லை, திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அத்தனை பேர் முன்னிலையில் ‘தோட்டத்துப் பழக்கம்’ என்று ஏச்சு வாங்கியவள், மறு வாரமே படிப்பை விட்டு, பல்லேகலைத் தொழிற்சாலையில் உடுப்புத் தைக்கப் போய்விட்டாள். நீட்டிய விரல் அவள் பின்னாலேயே திரும்பியது.

அம்மா எண்ணெய் தேய்த்துப் பார்த்தாள். எலும்பில் கோளாறில்லை என்றார் டாக்டர். “தங்கச்சி, என்னையா காட்டுறீங்க? மிச்சக் காசு குடுத்துட்டேனே!” என்று பஸ் கண்டக்டர் சிரித்தான். கிருஷாந்தி இடக்கையால் எழுதப் பழகினாள். கீழ் லயத்து வழியாகப் போவதை விட்டுவிட்டாள். ஊரும் பழகிக்கொண்டது.

பாடசாலை அந்த விரலுக்கு ஒரு வேலையும் கண்டுபிடித்தது. ஏதாவது தொலைந்தாலோ உடைந்தாலோ பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, எதிரே அவளை நிற்க வைப்பார்கள். அவளுக்கும் பல்லேகலைக்கும் நடுவில் எந்தப் பிள்ளை நின்றதோ அது முழங்காலில் நின்றது. சில பிள்ளைகள் செய்யாததை ஒத்துக்கொள்ளவும் செய்தார்கள். விரல் களவைக் கண்டுபிடிப்பதில்லை என்று சொல்லப் போனால், எதைக் காட்டுகிறது என்றும் சொல்ல வேண்டிவரும். கூப்பிட்டபோதெல்லாம் போய் நின்றாள். அவள் நேர்மையை மேடையில் புகழ்ந்தார்கள். உடம்பு கூசத் தலைகுனிந்து நின்றாள். அடக்கமான பிள்ளை என்றார்கள்.

ஆய்வுகூடத்துக் குடுவை உடைந்த நாளில் ஏழாம் வகுப்பு வரிசையில் நின்றது. விரலுக்கு நேரே ஒரு சிறுமி. சப்பாத்து விளிம்பில் செம்மண்.

“கிட்டப் போய்க் காட்டும்மா,” என்றார் அதிபர்.

கிருஷாந்தி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அங்கிருந்தும் விரல் பல்லேகலையைத்தான் காட்டியது. நடுவில் இப்போது அவளே நின்றாள். நகம் முதுகில் குத்தியது. மடங்கச் சொல்லி இந்த முறை அவள் கெஞ்சவில்லை.

“காட்ட மாட்டேன், மேடம்,” என்றாள் மெதுவாக. “அன்னைக்கு வெளக்குத் தொடைக்கச் செருப்போட மேடையேறுனது நான்தான்.”