வினிகருக்கு முன் மூன்று நிமிடங்கள்

குதிரை முள்ளங்கி மண்ணுக்குள் இருக்கும்வரை பரம சாது. முகர்ந்தாலும் மணக்காது. துருவினால்தான் அதற்குக் கோபம் வரும். அந்தக் கோபம் நாவோடு நில்லாமல் நேரே மூக்குக்கு ஏறும்.

சிட்னியின் நார்த்மீட்டில் வசிக்கும் தாதி சிவகௌரிக்குக் கடைப் போத்தல்களில் அந்தக் கோபம் கிடைக்கவில்லை. ஸ்ட்ராத்ஃபீல்ட் காய்கறிக் கடைகளில் பச்சை வேரைக் கேட்டார். எல்லோரும் வெள்ளை முள்ளங்கியையே நீட்டினார்கள். கடைசியில் பரமட்டாவில் ஒரு செடிக்கடையில் விரலளவு வேர்த்துண்டுகள் சில அகப்பட்டன. பெரிய வாளிகளில் நட்டு, அடுத்த குளிர்காலத்தில் தோண்டினார்.

முதல் முறை, நம்மவர் எவரும் செய்வதையே அவரும் செய்தார்: கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினார். சூடு பட்டதும் காரம் செத்துப்போயிற்று. பிறகுதான் விளங்கியது. துருவலை மூன்று நிமிடம் சும்மா விட்டால் காரம் வளரும்; வினிகர் விழுந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். உடனே ஊற்றினால் அது முயல். பொறுத்து ஊற்றினால் சிங்கம்.

சிங்கத்தையே போத்தல்களில் அடைத்து அவர் சனிக்கிழமைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பல மாதம் காத்திருந்து பெற்ற மேசை அது. நான்காம் வாரம், சந்தையை நடத்தும் ஜெயரட்ணம் வந்து நின்றார்.

"தங்கச்சி, போன கிழமை மூண்டு பேர் முறைப்பாடு. எங்கட சனமே அழுதால் வெள்ளையள் என்ன செய்வினம்?"

"போத்தில்ல 'கடும் காரம்' எண்டு பெரிசா எழுதியிருக்கிறன் அண்ணை. வாசிக்காமல் வாயில வைச்சால் நான் என்ன செய்ய?"

"வினிகரை உடனே ஊத்திவிடுமன். மூண்டு நிமிசம்தானே வித்தியாசம்."

"அந்த மூண்டு நிமிசத்துக்குத்தான் ஒரு வருசம் வாளிக்குத் தண்ணி ஊத்தினனான்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெயரட்ணத்தின் முகம் இறுகியது.

"அப்ப அடுத்த சனி மேசை உமக்கில்லை. ஜாம் விக்கிற ஆள் காத்துக்கொண்டு நிக்குது. யோசிச்சுச் சொல்லும்."

சிவகௌரி ஒரு வேரைச் சீவி, அவர் முன்னாலேயே துருவினார். கைபேசியில் மூன்று நிமிடம் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

ஒரு நிமிடம் ஆனதும் ஜெயரட்ணம் மூக்கை உறிஞ்சினார். இரண்டாவது நிமிடத்தில் அவருடைய கண்கள் நிறைந்தன. விலகிப் போயிருக்கலாம்; ஆனால் இத்தனை பேர் பார்க்கையில் எப்படிப் போவது?

"ஊத்தும் பிள்ளை, ஊத்தும்!"

"இன்னும் நாப்பது செக்கன் இருக்கு அண்ணை."

மணி ஒலித்த பிறகே வினிகர் விழுந்தது. போத்தலை மூடி, முதலில் நின்றவரிடம் கொடுத்தார்.

ஜெயரட்ணம் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "நான் சொன்னது சொன்னதுதான். அடுத்த கிழமை ஜாம் வரும்."

"வரட்டும். இண்டைக்கு ஒரு மணி வரைக்கும் மேசை என்ரைதானே?"

அவர் பதில் சொல்லுமுன், சிவகௌரி கூடைக்குள் கைவிட்டு இருந்தவற்றுள் மிகப் பருத்த வேரை எடுத்துச் சீவத் தொடங்கினார்.