கற்பூரம் எரியும் வரைக்கும்

எதிர்வீட்டு மாசிலாமணி தன் லாரியை எழுப்பும் சத்தத்தில்தான் திண்டிவனத்தில் எங்கள் தெருவே விடியும். முதல் உறுமலில் என் தட்டிலிருக்கும் இட்லி ஒரு முழம் எகிறும். இரண்டாவது உறுமலுக்கு மயிலம் மலையில் மயிலெல்லாம் மேகம் வந்துவிட்டதென்று ஆடத் தொடங்கிவிடும். நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் கிழித்த டிக்கெட்டுகளை ஒட்டினால் நிலாவுக்குத் தோரணம் கட்டலாம். ஆகவே நான் சொல்வதில் பாதியையாவது நம்புங்கள்.

ஊரான் லாரியை ஓட்டி ஓட்டித் தலை நரைத்த பிறகு மாசிலாமணி சொந்தமாக வாங்கிய பழைய வண்டி அது. "இனிமே இன்னொருத்தன் சாவிய கையால தொட மாட்டேன் சார்" என்று வாங்கிய அன்றே என்னிடம் சொன்னார். செங்கல் சூளைக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழையில் சூளையை மூடிவிட்டார்கள். மழையா அது! ஏரி மீன் தெருவுக்கு வந்து என் கதவைத் தட்டியது.

வண்டி நின்றாலும் மாசிலாமணி அதைத் தூங்கவிடவில்லை. தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, வண்டி முகப்பில் விபூதி பூசி, கற்பூரம் ஏற்றி, இன்ஜினைக் கிளப்புவார். கற்பூரம் எரியும் வரை உறுமவிட்டு, அணைந்ததும் சாவியைத் திருப்பிவிடுவார். இன்ஜின் துருப்பிடிக்கக் கூடாது, டீசலும் வீணாகக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து அவர் கண்ட வழி. மழை போய்ப் பனி வந்தும் ஒரு நாள் தவறவில்லை. பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் அப்படி நேரம் தவறாமல் பால் புகட்டியிருக்க மாட்டார்கள்.

தை பிறந்ததும் மண்டிக்காரர் நெடுஞ்செழியன் கூப்பிட்டு அனுப்பினார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை மூட்டையாக விழுப்புரம் போக வேண்டும். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் சீசன் முழுக்க லோடு மாசிலாமணிக்கே. வழியில் நின்றால் வேறு வண்டி.

கிளம்புமுன் ஆயில் குச்சியை உருவிப் பார்த்த மாசிலாமணி குதிக்காத குறை.

"சார், பாருங்களேன்! ஆயிலு கொறையவே இல்ல. கொஞ்சம் ஏறிக்கூட இருக்குது!"

"கற்பூரத்துக்கு மகிழ்ந்து அம்மனே வந்து ஊத்திட்டுப் போயிருப்பா" என்றேன்.

அவர் மனைவி காந்திமதி ஆயில் மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஏங்க, உள்ள வெண்ணெ மாதிரி வெள்ளையா ஒட்டிக்கினு இருக்குதே?"

"பனி ஈரம்டி. தொடைச்சா பூடும்."

துடைத்தார். போய்விட்டது.

நானும் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். வண்டி பறந்தது என்றால் பறந்தது. ஒரு சைக்கிள்காரரைக்கூட முந்தினோம். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அடியில் யாரோ உலக்கையால் இடிப்பது போல் சத்தம் கேட்டது. ஒரு குலுக்கு. அவ்வளவுதான். பிறகு சாவியை எத்தனை தரம் திருப்பியும் இன்ஜின் அசையவில்லை.

மெக்கானிக் சிக்கந்தர் பாட்சா வந்து அடியில் படுத்து ஆயில் நட்டைக் கழற்றினார். முதலில் தண்ணீர் வந்தது. பின்னாலேயே மோர் மாதிரி ஒன்று வந்தது, ஒரு கல்யாணப் பந்திக்குப் போதும். அதில் ஜரிகை போல இரும்புத்தூள் மின்னியது.

"இன்னா பாய், ரேடியேட்டர் ஓட்டையா?" என்றார் மாசிலாமணி.

"அதுல தண்ணி ரொம்பித்தான் இருக்குதுண்ணே. ஓட்டை இல்ல. தெனம் கொஞ்ச நேரம் மட்டும் ஸ்டார்ட் பண்ணிக்கினு இருந்தீங்களா?"

"ஒரு நாளு உட்டதில்ல பாய். கற்பூரம் எரியற வரைக்கும்." பெருமையாகத்தான் சொன்னார்.

பாய் துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இட்லிப் பானை மூடி உள்ள வேர்க்குதில்ல, அந்த மாதிரி இன்ஜின் உள்ளயும் வேர்க்கும்ணே. நல்லா சூடேற ஓட்டுனா ஆவியா பூடும். நீங்க வேர்க்க உட்டுட்டு ஆஃப் பண்ணிட்டீங்க. தெனம் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி சேர்ந்து ஆயில கெடுத்துடுச்சி. பேரிங்கு, கிராங்கு எல்லாம் போச்சி."

"இனிமே?"

"இந்தச் செலவுக்கு வேற வண்டியே வாங்கிடலாம்ணே."

மாசிலாமணி வண்டி முகப்பில் காலையில் பூசிய விபூதியைத் தடவிப் பார்த்தார். பிறகு, "தொடாம சும்மா நிறுத்தி வெச்சிருந்தா?" என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"ஓடியிருக்கும்ணே."

எனக்கு அருமையான கேலி ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

நெடுஞ்செழியனே தன் லாரியில் வந்து இறங்கினார். மூட்டைகள் அதற்கு மாறின. போகும்போது, "போனது போவுது மாசி. எனக்கும் டிரைவர் சரியில்ல. நாளைக்கி மண்டிக்கு வந்து சாவிய வாங்கிக்க" என்றார். மாசிலாமணி தன் வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் வண்டியை இன்னொரு லாரியில் கட்டி, வீட்டு வாசலுக்கு இழுத்து வந்தோம்.

மறுநாள் காலை என் இட்லி தட்டிலேயே கிடந்தது. எட்டிப் பார்த்தேன். குளித்த ஈரத்தோடு மாசிலாமணி லாரியில் உட்கார்ந்திருந்தார். முகப்பில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. கற்பூரம் அணைந்ததும், ஓடாத இன்ஜினை அவர் கை தானாகச் சாவியைத் திருப்பி நிறுத்தியது.

இறங்கித் தெருவில் நடந்தார்.

"இன்னா மாசி, எங்க கெளம்பிட்ட?"

"மண்டிக்கு சார்" என்றார், நிற்காமல். "சாவி வாங்க."