இருபத்திரண்டு ரீபவுண்ட்

பஸ் டிப்போவின் மாடி அறையில் மதிய இடைவேளை முழுக்க வாய்ச்சண்டை. டிப்போவின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு நாற்பது வயதாகிறது. புது மைதானத்தின் வாசலில் கண்ணாடிப் பெட்டி வைத்து, அதில் ஒரே ஒரு ஜெர்சியை மாட்டப் போகிறார்கள். இதுவரை ஆடிய பவர் ஃபார்வர்ட்களில் முதலிடம் யாருக்கோ, அவளுடையது. கூடைக்கடியில் முட்டி மோதித் தவறின பந்தைப் பிடுங்குகிற முரட்டு வேலை அது. அந்த முரடிகளுக்குப் பலகையில் வரிசை போடுவது அதைவிட முரட்டு வேலை!

முன்பு அணியில் ஆடி, இப்போது டிக்கெட் கவுன்ட்டரில் உட்காரும் சூறாவளிக்கு அந்தப் பெட்டி வேண்டும். மூன்று வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"கோட்டுக்கு வெளிய நின்னு மூணு பாயின்ட் போடுவீங்களாக்கா?" என்று சீண்டினாள் இப்போதைய அணியின் ஒட்டகம். ஆறடி உயர டிரைவர் அவள்.

"எங்க காலத்துல வெளிய நின்னா கோச் கடிச்சுத் துப்பிடுவாரு. நீ போய் உள்ள நின்னு பாரு, எலும்பு தேறாது."

"அண்ணிய மறந்துட்டீங்களே," என்றார் மேனேஜர்.

சூறாவளியின் அண்ணன் மனைவியைத்தான் சொன்னார். மெக்கானிக்கான அவரை டிப்போ முழுக்க அண்ணி என்றுதான் கூப்பிடும். அவர் ஆடிய காலத்தில் புள்ளியை மட்டும்தான் எழுதினார்கள்; பிடுங்கின பந்தை, அதாவது ரீபவுண்டை, யார் எழுதினார்கள்? எழுதாததை எந்தத் தராசில் வைப்பது?

"என்னை விடுங்கப்பா," என்று அண்ணி கை கிரீஸைத் துடைத்தார். "முதலிடம் இவளுக்குத்தான். இதுல பேச என்ன இருக்கு?"

"வீடியோவே இருக்கு," என்று ஒட்டகம் லேப்டாப்பைத் திறந்தாள். அண்ணியின் கடைசி ஆட்டம், சூறாவளியின் முதல் இறுதிப்போட்டி. இருவரும் சேர்ந்து ஆடியது. ரீபவுண்டை எழுதத் தொடங்கியதே அந்த ஆட்டத்தில்தான்; அன்றைக்குச் சூறாவளி பிடித்த இருபத்திரண்டை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. அதை அவளே திரையில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பந்து தெறித்தது. சூறாவளி எகிறினாள். பக்கத்தில் ஈ காக்கா இல்லை.

"யம்மாடி! என்ன எகிறு!" அறையே கைதட்டியது. மறுபடி எகிறினாள், மறுபடி கைதட்டல். ஆறாவது தடவை சூறாவளிக்கே சந்தேகம் வந்தது. ஏன் ஒருத்திகூட கிட்டே வரவில்லை? கண்ணைக் கொஞ்சம் இறக்கினாள்.

அங்கே அண்ணி. கூடைக்கு முதுகைக் காட்டி, எதிரணியின் ராட்சசியைப் பந்துக்கு விடாமல் நேர் முன்னால் காலை ஊன்றி மறித்து நின்றார். அவள் இடமாகப் போனால் இவரும் இடம், வலமாகப் போனால் வலம். தாடையில் முழங்கை விழுந்தும் அசையவில்லை. அடேயப்பா, மனுஷியா மலையா! தன்னைப் பார்த்துப் பயந்துதான் எல்லோரும் விலகினார்கள் என்று சூறாவளி இத்தனை வருடம் பீற்றிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து. முதல்லேருந்து போடு. யாரும் பந்தைப் பாக்காதீங்க, அண்ணி காலைப் பாருங்க."

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. ஒட்டகம் வாயைப் பிளந்தாள். சூறாவளி எழுந்து போய், பலகையில் முதலிடத்தில் இருந்த தன் பெயரை அழித்து, அண்ணி என்று எழுதினாள். வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் அழித்தது அழித்ததுதான்.

"நீங்க மறிச்சத ஏன் அண்ணி ஒரு வார்த்தை சொல்லல?"

அண்ணி பலகையைப் பார்க்கவே இல்லை. அவர் கண் இன்னும் திரையில்தான் இருந்தது.

"திரும்பினா அந்த ராட்சசி நழுவிடுவா. பின்னாடி கைதட்டு கேக்கும், நீ புடிச்சிட்டேன்னு நெனச்சுப்பேன். நீ எகிறினத இன்னைக்குத்தான்டி பாக்குறேன். இன்னொரு தடவ போடச் சொல்லு."