ஏறும்போது மட்டும் தெரியும் மஞ்சள்

எங்கள் அலுவலகத்தில் ஒரு மலைவழிக்கு ஒற்றை இலைக் குறி போட வேண்டுமென்றால் நான்தான் போட வேண்டும். ஒற்றை இலை என்றால் குழந்தை குட்டிகளோடு போகலாம். இரண்டு இலை என்றால் பெரியவர்கள் மட்டும். மூன்று இலை, தன் முழங்காலை நம்புகிறவர்களுக்கு. மலைநடைக் கையேட்டில் இருக்கும் நாற்பத்தோரு வழிகளுக்கும் இலை போட்டவள் நான். அந்தத் தலைக்கனம் எனக்கு உண்டு, மறைக்கவில்லை.

குழந்தைகள் பாதி வழியில் "கால் வலிக்குது, தூக்கு" என்று உட்கார்ந்துவிடுவதற்கும் நானே மருந்து கண்டுபிடித்தேன். வழி நெடுக மரங்களில் மஞ்சள் வட்டம் அடித்திருப்போம். அடுத்த மஞ்சளை முதலில் பார்ப்பவருக்கு ஒரு பாயிண்ட். கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறோம். அதைப் படித்துவிட்டு நன்றிக் கடிதம் எழுதிய அம்மாக்கள் உண்டு.

எங்களிடம் ஒரு விதியும் உண்டு. ஒவ்வொரு வழியையும் போகவும் வரவும் நடக்க வேண்டும். ஏறும்போது கண்ணில் படுவது இறங்கும்போது படாது. பெயின்டர் என் கூடவே வருவார். ஏறும்போது மரத்தின் இந்தப் பக்கம் வட்டம் அடிப்பார், இறங்கும்போது அந்தப் பக்கம். விதியை எழுதியதும் நான்தான், ஊற்று வழியில் அதை மீறியதும் நான்தான்.

அன்று ஊற்றை அடைந்தபோது வானம் கறுத்துவிட்டது. எனக்கு முழங்கால் விண்விண் என்று தெறித்தது. அந்த நேரம் பார்த்து மேலே காட்டுச் சாலையில் வனத்துறை ஜீப் ஒன்று வந்தது. ஏறிக்கொண்டோம். வந்த வழிதானே, கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏறிய நேரத்திலிருந்து பத்து நிமிடத்தைக் குறைத்து "திரும்ப ஐம்பது நிமிடம்" என்று எழுதினேன். ஒற்றை இலை போட்டேன். ஊற்று வழியைச் சேர்த்த புதுப் பதிப்பு அச்சாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தம்பி என் சமையலறையில் நின்றுகொண்டு, ஏறுவதா தூங்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்தான். மனைவியையும் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு லீவுக்கு வந்திருந்தான். மகளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பட்டத்துக்கு அவள் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

"ஊத்து வழிக்குப் போங்கடா. மூணே கிலோமீட்டர், மொத்தமும் நிழல்."

"வாலுவை வெச்சுக்கிட்டு மலை ஏறணுமாக்கா?"

"உன்னை வெச்சுக்கிட்டு ஏறுறதுதான் கஷ்டம். அவ உனக்கு முன்னாடி ஓடுவா."

தம்பி மனைவி தண்ணீர் பாட்டிலை மூடியபடி கேட்டாள். "பயம் ஒண்ணும் இல்லையே அண்ணி?"

"நான் போட்ட இலைம்மா. நம்பிப் போ."

வாலு என் கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை மஞ்சள் இருக்கும் அத்தை என்றாள். எண்ணிக்கொண்டு வந்து சொல் என்றேன்.

எனக்கு அன்று விசாரணை மேசையில் முறை. சுவரில் ஊசி குத்திய வரைபடம், மூலையில் வழியை அளக்கும் சக்கரம், மேசை நிறையக் கையேடு. மூன்றரை மணி வாக்கில் ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். ஓய்வுபெற்ற லாரி டிரைவராம், உட்காரும்போதே சொன்னார். அவர் மனைவியின் சேலை முழங்கால் வரை சேறு.

"ஊத்து வழிக்குப் போனோம்மா. ஏறுறப்ப ஒரு குறையும் இல்ல. இறங்குறப்பதான் ஒரு குறியையும் காணோம். ஒரு இடத்துல வழி ரெண்டாப் பிரியுது."

"அங்க பிரியாதுங்களே."

"முப்பது வருஷம் ரோட்டுல ஓடினவன்மா நான். ஏறுறப்ப அந்த இன்னொரு பாதை உங்க முதுகுப் பக்கமா வந்து சேருது, அதனால தெரியாது. இறங்குறப்ப அதுதான் நேரா, அகலமாத் தெரியும். உங்க பாதை இடது பக்கம் புதருக்குப் பின்னாடி போயிடுது."

"நேராப் போனா எங்க போகும்?"

"பழைய கல் குவாரி. கீழே தண்ணி நிக்குது. வேலி இருந்த இடத்துல ரெண்டு கம்பிதான் மிச்சம். இவ சேத்துல வழுக்கி உக்காந்தா, அதனால நின்னோம். நிக்கலைன்னா போயிருப்போம்."

மனைவி சேலையைத் தட்டிக்கொண்டே சொன்னார். "நான்தான்மா அந்தப் பக்கம் இழுத்தேன். அங்கதானே மஞ்சள் தெரிஞ்சுது."

"அங்க நாங்க மஞ்சள் அடிக்கலையே."

"பாறையில இருந்துது. பழைய மஞ்சள்."

"அது குவாரிக்காரன் அடிச்சது," என்றார் டிரைவர். "வெடி வைக்கிற எல்லை. இதுக்கு மேல வராதேன்னு அர்த்தம்."

உடனே தம்பிக்குப் போன் போட்டேன். தம்பியின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. அவன் மனைவியுடையதும் அப்படித்தான். பெயின்டரைக் கூப்பிட்டேன்.

"ஊத்து வழியில மரத்துக்கு ரெண்டு பக்கமும் அடிச்சீங்களா?"

"வரும்போதுதானே மேடம் அந்தப் பக்கம் அடிப்போம்," என்றார் அவர். "அன்னைக்குதான் ஜீப்புல வந்துட்டோமே."

என்னைக் குற்றம் சொல்லும் தொனி அவர் குரலில் இல்லை. இருந்திருந்தால் தேவலை. வனக்காவலரை உடனே குவாரிக்கு வரச் சொல்லும்படி அவரிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

வழி முழுக்க நான் நினைத்தது ஒன்றைத்தான். மஞ்சளைத் தேடி ஓடு என்று அந்தக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். இறங்கும்போது அவள் கண்ணுக்குத் தெரியப்போகும் மஞ்சள் குவாரியின் மஞ்சள் மட்டும்தான். அவள் அப்பன் எப்போதும் இருபது அடி பின்னால்தான் வருவான்.

அடிவாரத்தில் தம்பியின் கார் நின்றது. இன்னும் இரண்டு மூன்று வண்டிகள் இருந்தன. நான் அவற்றைச் சரியாகப் பார்க்கவில்லை. மணி நாலே கால். மேலேயிருந்து மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது.

ஏறினேன். ஒவ்வொரு மரத்திலும் எங்கள் வட்டம் பளிச்சென்று என்னைப் பார்த்து நின்றது. ஒரு மரத்தைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். வெறும் பட்டை. அடுத்த மரமும் வெறும் பட்டை. நான் வந்த வழியே எனக்குப் பின்னால் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அன்று ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தால் போதும், ஜீப்பிலேயே போயிருந்தாலும் தெரிந்திருக்கும்.

"வாலு," என்று கத்தினேன். பனியில் என் குரல் பத்தடி கூடப் போகவில்லை. பறவைச் சத்தமும் இல்லை. எங்கோ தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

டிரைவர் சொன்ன இடம் வந்தது. அதைத் தாண்டி நாலடி ஏறித் திரும்பி நின்று பார்த்தேன். மனிதர் சொன்னது அச்சுப் பிசகாமல் சரி. லாரி போன அகலத்தில் ஒரு பாதை நேராக இறங்கியது. எங்கள் பாதை இருந்ததற்கு அடையாளமே இல்லை. நேர்ப் பாதையின் ஓரத்துப் பாறையில், பாசிக்கு நடுவே, கையகலத்துக்கு ஒரு மஞ்சள். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. குழந்தையாக இருந்தால் நானும் ஓடியிருப்பேன்.

ஈர மண்ணில் சின்னச் செருப்புத் தடம் இருந்தது. ஓடிய தடம், விரல் பக்கம்தான் ஆழமாகப் பதிந்திருந்தது. முழங்காலை மறந்து நானும் ஓடினேன்.

மஞ்சளை எண்ணக்கூடாது என்று நினைத்தும் எண்ணிக்கொண்டே போனேன். எட்டாவது பாறையருகே பனிக்குள் யாரோ குனிந்திருந்தார்கள். தம்பி. பக்கத்தில் அவன் மனைவி. அவள் மடியில் வாலு, முழங்காலில் ரத்தம், மூக்கில் சளி, முழுசாக, உயிரோடு.

நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அழுதேன். வெட்கம் ஒன்றும் இல்லை.

"என்னக்கா நீ, சும்மா தடுக்கி விழுந்தா. அதுக்குப் போய்," என்றான் தம்பி. அவனுக்கு ஒன்றும் தெரியாது. இன்னும் நாற்பது அடியில் நிலம் முடிந்துவிடுகிறது என்று அவனுக்குத் தெரியாது. நானும் உடனே சொல்லவில்லை. கடவுளே, என் குழந்தை பிழைத்தது, அது போதும் என்று மட்டும் நினைத்தேன்.

வாலு என் தோளிலிருந்து முகத்தை எடுத்து மூக்கை உறிஞ்சினாள்.

"நான் தோத்துட்டேன் அத்தை. எனக்கு எட்டுதான். நான் விழுந்துட்டேன்ல, அந்த அக்கா எல்லாத்தையும் எடுத்துட்டா."

"எந்த அக்கா?"

தம்பிதான் பதில் சொன்னான். "ஊத்துகிட்ட ஒரு குடும்பத்தைப் பாத்தோம். அவங்க பொண்ணு, எட்டு வயசு இருக்கும். இவளோட விளையாடிக்கிட்டே எங்க கூட இறங்கிட்டா. அவங்க அப்பா அம்மா பின்னாடி மெதுவா வராங்க."

"அவ எங்கடா இப்ப?"

"முன்னாடி," என்றாள் வாலு. விரல் பனிக்குள் நீண்டது. "கூப்பிட்டேன். பேசவே மாட்டேங்குறா."

நான் கூப்பிட்டுப் பார்த்தேன். பெயர் தெரியாததால் "பாப்பா, பாப்பா" என்றேன். கீழே எங்கோ என் குரலே பட்டுத் திரும்பி வந்தது. குவாரி அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்க ஒரு பெண் இறங்கி வந்தாள். ஒரு கையில் சின்ன ஸ்வெட்டர், இன்னொரு கையில் என் கையேடு. ஊற்று வழிப் பக்கத்தில் விரலை வைத்து மூடியிருந்தாள். என் சட்டையில் இருந்த அலுவலக அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

"நல்லவேளை, நீங்க இருக்கீங்க. எங்க பொண்ணு இப்படித்தான் ஓடி வந்தா. ஒத்தை இலைதானேன்னு விட்டுட்டேன். பயம் ஒண்ணும் இல்லையே மேடம்?"

வாலுவைத் தம்பியின் கையில் கொடுத்தேன். யாரும் இங்கிருந்து ஓரடி நகரக்கூடாது என்றேன். அந்தப் பெண் கூட வரப் பார்த்தாள். அவள் தோளைப் பிடித்துப் பாறைமேல் உட்கார வைத்தேன்.

பிறகு ஒன்பதாவது மஞ்சளைத் தாண்டி, விளிம்பை நோக்கி நடந்தேன். அங்கே எது இருந்தாலும் அதை முதலில் பார்க்க வேண்டியவள் நான்தான்.