சரிவில் விழுந்த பாட்டில்

அழகர்கோவிலிலிருந்து மலைமேல் போகும் பஸ்ஸில் அனந்தபத்மநாபன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி ராஜஸ்ரீ. திருநகரிலிருந்து வருகிறார்கள். தண்ணீரைக் குடித்து முடித்தவர் காலி பாட்டிலை வெளியே வீசினார்.

பஸ்ஸில் பேச்சு நின்றுபோனது. யாரும் திட்டவில்லை. அப்போதுதான் கவனித்தார்: முன்சீட்டுக்காரர் பிஸ்கட் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். பலர் மடியில் குப்பைக்கென்றே ஒரு துணிப்பை இருந்தது.

அதே நேரம் எதிரே ஒரு பஸ் இறங்கி வர, டிரைவர் வளைவில் ஓரங்கட்டினார். பின்சீட்டில் ஒரு பெண் எழுந்தாள். அலங்காநல்லூரிலிருந்து மாதாமாதம் சாமி கும்பிட வரும் முனீஸ்வரி.

"அண்ணே, ஒரு நிமிசம். பாட்டில எடுத்துட்டு வாரேன்," என்றாள் டிரைவரிடம்.

அவள் இறங்கியபின் அனந்தபத்மநாபனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பின்னாலேயே இறங்கினார்.

பாட்டில் சரிவில் இருபதடி கீழே புதரில் கிடந்தது. செடிகளைப் பிடித்தபடி அவள் அதை எட்டிவிட்டாள். அவர் பாதி வழியில் நின்றார்.

மூங்கிலுக்குப் பின்னால் ஏதோ பெருமூச்சு விட்டது. வெள்ளைக் கால்கள் தெரிந்தன. பிறகு கறுத்த திமில். காட்டுமாடு. அவளுக்கு நாலு எட்டு தூரம்.

அவர் ஒரு செடியை இறுகப் பிடித்துக்கொண்டார். இவளுக்கு ஏதாவது ஆனால் அது என்னால்தான்.

"அசையாதீங்க சார்." அவள் மாட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பின்னாடி கன்னு நிக்கிது."

மாடு தலையைத் தாழ்த்தி, மண்ணைக் காலால் கீறியது. மேலே டிரைவர் இன்ஜினை அணைத்தார். முப்பது பேர் இருந்தும் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை.

கன்று மெல்ல நகர்ந்தது. தாய் இன்னும் முறைத்துக்கொண்டே நின்றது. பிறகு மூங்கிலை முறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

அவர் கைகொடுத்து அவளை மேலே ஏற்றினார். பாட்டில் அவளுடைய மறு கையில் இருந்தது.

பஸ் கிளம்பியதும் ராஜஸ்ரீ பொருமினாள். "ஒரு பாட்டிலுக்காக உங்கள இறங்க வச்சுட்டாங்களே."

"யாருமே இறங்கச் சொல்லலையே, ராஜி."

அவர் பின்னால் திரும்பினார். "மன்னிச்சிரும்மா."

"மொதவாட்டி வந்தப்ப நானும் பாலிதீன் பையத் தூக்கிப் போட்டவதான் சார். ஒரு அக்கா ஒண்ணும் சொல்லாம இறங்கி எடுத்தாங்க." அவள் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "ஆனா அன்னைக்கு மாடு வரல. இன்னும் ஒதறுது."

உச்சியில் எல்லாரும் இறங்கினார்கள். அனந்தபத்மநாபன் முனீஸ்வரியிடம் கை நீட்டினார். காலி பாட்டிலை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.